மீன் அம்மாவை வாங்குமா?

வாசகர் கேள்வி – பதில்: ஃபிலிப்பினோ வாக்கியம்

மருத்துவம் படிக்க பிலிப்பைன்ஸ் போகும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்தும், வளைகுடாவிலும் கப்பலிலும் ஃபிலிப்பினோக்காரர்களோடு வேலை பார்ப்பவர்களிடமிருந்தும் வந்த கேள்விகள் இவை. மதுரைப் பக்கத்துக் கடிதங்களே அதிகம் என்பதால் பதிலிலும் மதுரைப் பேச்சு கொஞ்சம் கலந்திருக்கிறது.

கேள்வி: மணிலாவில் முதல் வருடம் படிக்கும் என் மகள், தமிழ் வரிசையிலேயே வார்த்தைகளை அடுக்கிப் பேசினால் கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள் என்கிறாள். ‘நான் சோறு சாப்பிட்டேன்’ என்பதை எப்படித்தான் சொல்ல வேண்டும்?
– ஒரு தந்தை, திருமங்கலம்

‘குமாயின் அக்கோ நங் கானின்.’ வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் ‘சாப்பிட்டேன் நான் சோறு’. முதலில் சேதி, பிறகு அந்தச் சேதி யாரைப் பற்றியது என்பது. பிலிப்பைன்ஸின் தேசிய மொழியான ஃபிலிப்பினோவின் அடிப்படை வரிசை இதுதான். வினை என்றில்லை, வாக்கியம் எதைச் சொல்ல வருகிறதோ அது முன்னால் வந்து நிற்கும். ‘நார்ஸ் ஸ்யா’ என்றால் ‘நர்ஸ் அவர்’. ‘மகந்தா அங் பாஹாய்’ என்றால் ‘அழகு வீடு’, அதாவது வீடு அழகாக இருக்கிறது.

இங்கிலீஷ் வழியாக இதைப் படிப்பவர்கள்தான் திணறுகிறார்கள். ‘அவர் நர்ஸ்’ என்பதற்கு நடுவில் ஏதோ ஒரு வினை வேண்டுமே என்று தேடுவார்கள். தமிழுக்கு அது தேவையில்லை, ஃபிலிப்பினோவுக்கும் தேவையில்லை. வரிசையும் நமக்கு அப்படியொன்றும் புதிதல்ல. எழுதும்போது ‘பஸ் கிளம்பிவிட்டது’ என்று எழுதுகிறவர்கள், மாட்டுத்தாவணியில் நின்று ‘கெளம்பிருச்சுப்பா பஸ்ஸு’ என்கிறோம். ‘வந்துட்டாய்ங்க மாப்பிள்ளை வீட்டுக்காரய்ங்க’ என்கிறோம். அவசரத்தில் சேதி முந்திக்கொள்கிறது. ஃபிலிப்பினோ எப்போதும் அந்த அவசரத்தில் பேசும் மொழி என்று நினைத்துக்கொண்டால் பாதி வரிசைப் பிழை போய்விடும்.

மகளுக்கு ஒரு பயிற்சி: அன்றாடம் சொல்லும் பத்து வாக்கியங்களை முதலில் தமிழிலேயே தலைகீழாக்கிச் சொல்லட்டும். ‘முடிஞ்சது கிளாஸ்’, ‘தூங்குறா அவ’, ‘சூடு காபி’. இது நாக்கில் பழகிய பிறகு ஃபிலிப்பினோ வார்த்தைகளை அதே இடங்களில் பொருத்தலாம்.

கேள்வி: வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறேன். சரிதானே?
– ஒரு மாணவி, சோழவந்தான்

ஒரு வாரத்துக்குச் சரி. அதற்கு மேல் ஆபத்து. வாக்கியத்தைக் கேள்வியாக்கும் ‘பா’வுக்கு பஸ்ஸின் ப. ‘இன்னும்’ என்று பொருள்படும் ‘பா’வுக்குப் பழத்தின் ப. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே கிடக்கும். பஸ்ஸின் ப போட்டு ‘பாஸோ’ என்றால் தண்ணீர் குடிக்கிற கிளாஸ், பழத்தின் ப போட்டால் பூந்தொட்டி. அவர்களுடைய எழுத்து ரோமன் எழுத்துதான், அதிலேயே படித்துவிடுங்கள்.

இந்தப் பக்கத்தில் வேறு வழியில்லாமல் தமிழில் எழுதியிருக்கிறோம். பாலெங்கே, பேரா, போ மூன்றும் பழத்தின் ப. சொல்லின் முதலில் ப வரும் மற்ற இடங்களில் பஸ்ஸின் ப. ‘இஸ்தா’வில் வரும் த, ‘பந்து’வின் து போல மெலிந்து ஒலிக்கும்.

கேள்வி: ‘அங்’ என்றால் இங்கிலீஷின் ‘தி’ மாதிரி என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். ஆனால் அப்படிப் போட்டுப் பேசினால் அர்த்தம் மாறிவிடுகிறது. ‘அங், நங், ஸா’ மூன்றையும் எப்போது போடுவது?
– கப்பல் சமையல்காரர், மேலூர்

அந்தப் புத்தகத்தின் பேச்சை விடுங்கள். மூன்றும் நம் வேற்றுமை உருபு செய்கிற வேலையைத்தான் செய்கின்றன. நமக்குப் பெயரின் வாலில் ஒட்டும், அவர்களுக்குப் பெயரின் முன்னால் தனியாக நிற்கும். ஆட்பெயர் என்றால் மட்டும் வடிவம் மாறும்: அங் போய் ‘ஸி’, நங் போய் ‘நி’, ஸா போய் ‘காய்’. ‘ஸி மீனாட்சி’தான் சரி, ‘அங் மீனாட்சி’ என்றால் பிழை.

ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘புமிலி அங் நானாய் நங் இஸ்தா ஸா பாலெங்கே.’ அம்மா மார்க்கெட்டில் மீன் வாங்கினார். ‘பிலி’ வாங்குதல், ‘நானாய்’ அம்மா, ‘இஸ்தா’ மீன், ‘பாலெங்கே’ மார்க்கெட். இடத்துக்கும் திசைக்கும் ‘ஸா’ என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் குழப்பம் வராது. குழப்பமெல்லாம் அங், நங் இரண்டில்தான்.

வினை யாரைக் கைகாட்டுகிறதோ அந்தப் பெயருக்குத்தான் அங். கைகாட்டுவது வினையில் சேரும் ஒட்டு. ‘பிலி’யின் முதல் மெய்யெழுத்தை அடுத்து ‘உம்’ நுழைந்து ‘புமிலி’ ஆனால், அது வாங்கிய ஆளைக் காட்டுகிறது. ஆகவே அம்மாவுக்கு அங், மீனுக்கு நங். அதே இடத்தில் ‘இன்’ நுழைந்து ‘பினிலி’ ஆனால், வாங்கப்பட்ட பொருளைக் காட்டுகிறது. அங் மீனுக்குப் போய்விடும், அம்மாவுக்கு நங்: ‘பினிலி நங் நானாய் அங் இஸ்தா.’

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? தமிழர்களுக்கு இது கையிலேயே இருக்கிறது. முதல் வாக்கியம் ‘அம்மா மீன் வாங்கினார்’, இரண்டாவது ‘அம்மா மீனை வாங்கினார்’. ஏதோ மீன் என்றால் நாம் ‘ஐ’ போடுவதில்லை. நமக்குத் தெரிந்த, ஏற்கெனவே பேச்சில் வந்த அந்த மீன் என்றால் ‘மீனை’ என்கிறோம். ஆகவே ஐ இல்லாத இடத்தில் ‘புமிலி… நங்’, ஐ வரும் இடத்தில் ‘பினிலி… அங்’. அஃறிணைப் பொருளுக்கு இந்த உரைகல் பெரும்பாலும் பொய்க்காது. ஆளைப் பற்றிப் பேசும்போது நாம் எப்படியும் ‘மீனாட்சியை’ என்றுதான் சொல்வோம். அங்கேயும் அப்படித்தான், பொருளைக் காட்டும் வினையைப் போட்டே ஆக வேண்டும்: ‘நக்கீத்தா கோ ஸி மீனாட்சி’, மீனாட்சியைப் பார்த்தேன். இதில் ‘கோ’ என்பது நங் வகையைச் சேர்ந்த ‘நான்’. ‘அக்கோ’ அங் வகை. நீ என்பதற்கும் அப்படியே ‘மோ’, ‘கா’ என்று ஜோடி உண்டு.

இப்போது உங்கள் பிழைக்கு வருவோம். அம்மாதானே வாங்கினார், அங்கை அவருக்கே வைப்போம் என்று நினைத்து, வினையை மட்டும் மாற்றி ‘பினிலி அங் நானாய் நங் இஸ்தா’ என்று சொல்லிவிட்டீர்கள் என்று வையுங்கள். மீன் அம்மாவை வாங்கிவிட்டது என்று அர்த்தம். எதிரே இருப்பவர் சிரித்துவிட்டு விஷயத்தைப் புரிந்துகொள்வார். ‘அடித்தான்’, ‘கூப்பிட்டான்’ போன்ற வினைகளில் யார் யாரை என்பதே புரண்டுவிடும். வினை ஒட்டையும் அங்கையும் ஒரு ஜோடியாகவே மனதில் வையுங்கள். ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டும்.

கேள்வி கேட்கும்போதும் இதே ஜோடிதான். ‘என்ன வாங்கினாய்?’ என்பதற்கு ‘ஆனோ அங் பினிலி மோ?’ அதாவது ‘என்ன நீ வாங்கினது?’ பொருளைப் பற்றிய கேள்வி, ஆகவே பினிலி. ‘யார் வாங்கினது?’ என்றால் ‘ஸீனோ அங் புமிலி?’ ஆளைப் பற்றிய கேள்வி, ஆகவே புமிலி. ‘ஆனோ அங் புமிலி கா’ என்று தப்பாகச் சொல்லாத வெளியூர்க்காரர் அபூர்வம்.

இதோடு முடியவில்லை. ‘இபினிலி’ என்றால் யாருக்காக வாங்கினோமோ அவருக்கு அங். ‘பினில்ஹான்’ என்றால் யாரிடம் வாங்கினோமோ அவருக்கு: ‘பினில்ஹான் கோ நங் இஸ்தா அங் திந்தேரா’, கடைக்கார அம்மாவிடம் மீன் வாங்கினேன். பேச்சில் இதே பினில்ஹான் ‘அவருக்கு வாங்கிக் கொடுத்தேன்’ என்ற பொருளிலும் வரும். இவை இரண்டும் காதில் விழுந்து பழகட்டும். முதல் மூன்று மாதத்துக்குப் புமிலி, பினிலி இரண்டை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்தலாம்.

கேள்வி: ஃபிலிப்பினோவில் இறந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் உண்டா?
– ஆசிரியை, உசிலம்பட்டி

காலம் என்பதைவிட வேலை முடிந்ததா, நடக்கிறதா, இனிமேலா என்பதுதான் அங்கே கணக்கு. ‘குமாயின்’ முடிந்தது. ‘குமக்காயின்’ நடப்பது. ‘கக்காயின்’ இனி நடக்கப்போவது. வேர்ச்சொல் ‘காயின்’. அதன் முதல் அசையை இரட்டித்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். இரட்டித்து ‘உம்’மையும் எடுத்துவிட்டால் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ‘இன்’ வகையில் பினிலி, பினிபிலி, பிபில்ஹின். வினையின் முன்னால் ‘மக்’ ஒட்டும் வகையில் சமைத்தலுக்கு நக்லூத்தோ, நக்லுலூத்தோ, மக்லுலூத்தோ. இந்த வகையில் ந என்றால் தொடங்கிய வேலை, ம என்றால் தொடங்காத வேலை.

‘குமக்காயின்’ என்பதை ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்’ என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராதீர்கள். ‘தினமும் சாப்பிடுவான்’ என்பதும் அதுதான், ‘நேற்று நான் போனபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தான்’ என்பதும் அதுதான். ‘கஹாப்போன்’ (நேற்று) என்ற சொல் பக்கத்தில் இருந்தாலும் வினை மாறாது. இன்னொரு இடம் தமிழருக்கு நிச்சயம் சறுக்கும். ‘நான் இன்னும் சாப்பிடவில்லை’ என்பது ‘ஹிந்தி பா அக்கோ குமக்காயின்’ (பழத்தின் பா). முடிந்த வடிவமான குமாயினைத் தேடிப் போவீர்கள். வேலைதான் முடியவில்லையே!

கேள்வி: ‘ஹிந்தி, ஹிந்தி’ என்று அடிக்கடி சொல்கிறார்களே, என்ன அது?
– துபாய் ஹோட்டல் ஊழியர், விடுமுறையில் அலங்காநல்லூர்

‘இல்லை’ என்று அர்த்தம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மறக்க வாய்ப்பே இல்லாத சொல்.

ஆனால் எல்லா இல்லைக்கும் அதுவே ஆகாது. வினையையும் தன்மையையும் மறுக்க ஹிந்தி. ஒரு பொருள் இல்லை என்றால் ‘வலா’: ‘வலா அக்கோங் பேரா’, என்னிடம் காசு இல்லை. செய்யாதே என்று தடுக்க ‘ஹுவாக்’: ‘ஹுவாக் காங் உமாலிஸ்’, போகாதே. ‘ஹிந்தி பேரா’ என்றால் ‘அது காசு அல்ல’ என்றாகிவிடும். அல்ல, இல்லை இரண்டையும் பேச்சில் நாம் ஒன்றாக்கிவிட்டோம், அவர்கள் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: மேலே ‘அக்கோ’ என்பது ‘அக்கோங்’ ஆகிறதே. ‘மலக்கி’யும் சில இடங்களில் ‘மலக்கிங்’ என்று காதில் விழுகிறது. எதற்கு இந்த ‘ங்’?
– செவிலியர், வில்லாபுரம்

அது இணைப்பு. அடைமொழியையும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் சும்மா வைக்க முடியாது, நடுவில் ஒரு கண்ணி வேண்டும். முன்னால் நிற்கும் சொல் உயிரில் முடிந்தால் ‘ங்’ ஒட்டும்: மலக்கி, ‘மலக்கிங் பாஹாய்’, பெரிய வீடு. ‘ன்’னில் முடிந்தால் அந்த ன் ‘ங்’ ஆகிவிடும்: மயாமான், ‘மயாமாங் தாவோ’, பணக்கார ஆள். வேறு மெய்யில் முடிந்தால் தனியாக ‘நா’: ‘பாஹாய் நா மலக்கி’. ஆம், அடைமொழி பின்னாலும் வரலாம், பொருள் அதேதான். மாம்பழத்துக்கு அங்கே ‘மங்கா’. மலாய் வழியாகப் போய்ச் சேர்ந்த நம் மாங்காய்தான், ஆனால் பழுத்தாலும் அவர்களுக்கு அது மங்காவே. பழுத்தது ‘ஹினோக்’. ‘ஹினோக் நா மங்கா’ என்றும் சொல்லலாம், ‘மங்காங் ஹினோக்’ என்றும் சொல்லலாம். கண்ணியை விட்டால் புரியாமல் போகாது, ஆனால் பேச்சு துண்டு துண்டாகக் கேட்கும்.

கேள்வி: ‘ங’வில் தொடங்கும் வார்த்தைகள் வாயில் நுழையவில்லை.
– மாணவர், திருப்பரங்குன்றம்

அரிச்சுவடியில் படித்ததோடு நாம் கைவிட்ட எழுத்து, அங்கே அன்றாடச் சோறு: ‘ஙாயோன்’ இப்போது, ‘ஙீப்பின்’ பல். ‘மாங்காய்’ மாதிரி க சேர்த்தால் தப்பு. ‘அங்ஙனம்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள், அதில் ‘அங்’கை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டு ‘ஙனம்’ என்று மட்டும் வெளியே விடுங்கள். ‘இங்ஙன வாடா’ என்று சொல்லிப் பழகிய கிராமத்து ஆட்களுக்கு இது இன்னும் சுலபம். பன்மைக்கு வரும் ‘மஙா’வும் இதே ஒலிதான்: ‘அங் மஙா பாத்தா’, குழந்தைகள்.

கேள்வி: நாம், நாங்கள் வேறுபாடு அங்கே உண்டு என்கிறார்களே?
– வாசகி, கே.கே. நகர்

உண்டு. நாம் ‘தாயோ’, நாங்கள் ‘கமி’. அவன், அவள், அவர் மூன்றுக்கும் ஒரே ‘ஸ்யா’. ‘நான் உன்னை’ என்பது சேர்ந்து வந்தால் மட்டும் தனிச் சொல், ‘கித்தா’.

கேள்வி: பெரியவர்களிடம் ‘போ’ சேர்த்துப் பேச வேண்டுமாம். எந்த இடத்தில் சேர்ப்பது? எங்கே வைத்தாலும் திருத்துகிறார்கள்.
– மருத்துவ மாணவி, விடுமுறையில் வாடிப்பட்டி

நம் ‘ங்க’தான் அவர்களுடைய ‘போ’. பெரியவரிடம் பேசும்போது ‘நீ’யைக் குறிக்கும் ‘கா’வை விட்டுவிட்டு, பன்மையான ‘கயோ’ போட வேண்டும், நம் ‘நீங்கள்’ மாதிரியே. ‘கா’ வைத்துக்கொண்டு ‘போ’வும் சேர்த்தால், ‘நீ சாப்பிட்டியாங்க’ என்பதுபோல ஒட்டாமல் நிற்கும்.

இடம் விஷயத்துக்கு வருவோம். போ, கேள்வி ‘பா’, ‘ஏற்கெனவே’ என்ற பொருள் தரும் ‘நா’, சின்னப் பிரதிப்பெயர்கள் எல்லாம் வாக்கியத்தின் முதல் சொல் முடிந்ததும் வரிசையாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த வரிசையைத்தான் உங்களுக்குத் திருத்துகிறார்கள். ஓரசைப் பிரதிப்பெயர் (கா, கோ, மோ) முதலில். அடுத்து நா. பிறகு போ, அதன்பின் கேள்வி பா. ஈரசைப் பிரதிப்பெயர் (அக்கோ, கயோ, ஸ்யா) கடைசியில். தோழியிடம் ‘குமாயின் கா நா பா?’ பேராசிரியரிடம் ‘குமாயின் நா போ பா கயோ?’ இரண்டுமே ‘சாப்பிட்டாச்சா’தான். ‘கா’ இருந்த இடம் முன்னால், ‘கயோ’ போன இடம் பின்னால், பார்த்தீர்களா? ‘நான் அவரைப் பார்க்கலைங்க’ என்பது ‘ஹிந்தி கோ போ ஸ்யா நக்கீத்தா’. ஹிந்தி முன்னால் வந்துவிட்டதால் கோவும் போவும் ஸ்யாவும் வினையை விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடிவிட்டன.

நம் ‘ஆ’ எந்தச் சொல்லிலும் ஒட்டும்: ‘நீங்களா சாப்பிட்டீங்க?’ அவர்களுடைய பா இடம் மாறாது. எந்தச் சொல்லைக் கேட்க வேண்டுமோ அதை முன்னால் கொண்டுவர வேண்டும்: ‘கயோ போ பா அங் குமாயின்?’

கேள்வி: பாடப் புத்தகத்தில் ‘அங் பாத்தா ஆய் குமக்காயின்’ என்று பெயர் முன்னால் வருகிறது. நீங்கள் சொன்னதற்கு நேர்மாறாக இருக்கிறதே?
– மாணவர், மேலூர்

அந்த ‘ஆய்’தான் புரட்டிப் போடுகிறது. பெயரை முன்னால் வைத்து, நடுவில் ஆய் வைத்தால் போதும். அது ‘இருக்கிறது’ என்ற வினை அல்ல. தப்பும் இல்லை, ஆனால் எழுத்து வாடை அடிக்கும். சொற்பொழிவு, தேர்வுத்தாள், செய்தி இவற்றுக்குச் சரி. சந்தையில் போய் இப்படிப் பேசுவது, தக்காளிக் கடையில் ‘இதன் விலை யாது’ என்று கேட்பது மாதிரி.

கேள்வி: என் பையனுக்கு தாவாவ் நகரில் இடம் கிடைத்திருக்கிறது. ஃபிலிப்பினோ கற்றுக்கொண்டால் போதுமா?
– ஒரு தாய், திருமங்கலம்

வகுப்பு இங்கிலீஷில் நடக்கும். ஃபிலிப்பினோ எல்லோருக்கும் புரியும். ஆனால் தெருவிலும், நோயாளி தன் வீட்டு ஆட்களோடு பேசும்போதும் அங்கே செபுவானோதான் காதில் விழும், ‘பிஸாயா’ என்பார்கள். மணிலாப் பக்கத்துத் தகாலோக் மொழியைத் தேசிய மொழிக்கு அடிப்படையாக 1937-ல் அறிவித்தார்கள். 1959-ல் பிலிப்பினோ என்ற பெயர் வந்தது. 1987 அரசியல் சட்டம் அதையே ஃபிலிப்பினோ என்றது. தாவாவும், செபுவானோவுக்குப் பெயர் கொடுத்த செபுவும் தகாலோக் ஊர்கள் அல்ல.

கற்றது வீணாகாது. சேதி முன்னால், பெயருக்கு முன் அங், இடத்துக்கு ஸா என்ற எலும்புக்கூடு செபுவானோவிலும் அப்படியே இருக்கிறது. சொற்கள்தான் வேறு. ‘என்ன’ ஃபிலிப்பினோவில் ஆனோ, செபுவானோவில் ‘உன்ஸா’. சாப்பிடுதல் அதில் காயின், இதில் ‘காவோன்’. ‘இது எவ்வளவு?’ அதில் ‘மக்கானோ இத்தோ?’, இதில் ‘தக்பிலா நி?’ (பி-க்குப் பழத்தின் ப). ‘போ’ என்பதும் செபுவானோவின் சொந்தச் சரக்கு அல்ல. தாவாவில் யாராவது போ சேர்க்காமல் பேசினால் மரியாதைக் குறைவு என்று பையன் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மணிலாவில் கடைக்குப் போனால் எல்லோரும் ‘வலா நா போ பாங் தாவாத்?’ என்கிறார்கள். பிரித்துச் சொல்ல முடியுமா?
– மாணவி, சோழவந்தான்

வலா: இல்லை, வாக்கியத்தின் சேதி, ஆகவே முதலில். நா: மறுப்போடு வரும்போது ‘இனி’. போ: ங்க. பாங்: கேள்வி ‘பா’வோடு இணைப்பு ‘ங்’, அடுத்து ஒரு பெயர் வருவதால். தாவாத்: விலைக் குறைப்பு. மன்னிப்பு என்பதற்கும் அதே சொல்தான். ‘இன்னும் குறைக்க மாட்டீங்களா?’ என்று பேரம் பேசுகிறார்கள். ‘வலா நா போ’ என்று பதில் வந்தால் அதற்கு மேல் நிற்காதீர்கள். ‘மைரோன் போ’, அதாவது ‘இருக்குங்க’, என்று வந்தால் பையை விரியுங்கள்.